வேர், மூலம், தூர், வீழ்: தாவரவியல் எழுத்தில் எதை எங்கே ஆள்வது?

கேள்வி: நாற்றங்கால்

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்காகத் தாவரவியல் கலைச்சொல் தொகுப்பு ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். இலை, தண்டு, பூ, கனி ஆகிய பகுதிகள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. வேரைப் பற்றிய பகுதியில் மட்டும் கருத்து வேறுபாடு எழுந்து பணி நின்றுபோயிருக்கிறது.

அகராதிகளைப் புரட்டினால் ‘வேர்’ என்ற சொல்லுக்கு நிகராக மூலம், தூர், அடி, முதல், விழுது, கிழங்கு என்று பல சொற்கள் கிடைக்கின்றன. இவை யாவும் ஒரே பொருளைத் தருவன என்று கொண்டு, நடைக்கு ஏற்றபடி மாற்றி மாற்றி எழுதலாம் என்று குழுவில் ஒரு சாரார் சொல்கிறார்கள். அறிவியல் எழுத்தில் ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான் இருக்க வேண்டும், மற்றவற்றை விலக்கிவிட வேண்டும் என்பது மறுசாராரின் நிலை. எனக்கு இரண்டுமே நிறைவாகப் படவில்லை. விழுது என்ற அழகான, பழமையான சொல்லை விலக்குவதற்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் கிழங்கையும் வேரையும் ஒன்றாக எழுதினால் மாணவர் தவறாகக் கற்றுக்கொள்வார் என்பதும் உண்மை.

இதனோடு சேர்த்துச் சொல்லின் பிறப்பைப் பற்றியும் கேட்க விரும்புகிறேன். ‘வேர்’ தமிழுக்கே உரிய சொல்தானா? மண்ணுக்குள் வேறு வேறாகப் பிரிந்து செல்வதால் ‘வேறு’ என்பதிலிருந்து ‘வேர்’ வந்தது என்று ஒருவர் எழுதியிருப்பதைப் படித்தேன். நீரோடு தொடர்புடையதால் வேர்வையும் வேரும் ஒரே அடியிலிருந்து பிறந்தவை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். தொகுப்பின் முன்பகுதியில் சொல்விளக்கமாக ஒரு பத்தி சேர்க்க எண்ணுவதால், இவற்றில் எது ஏற்கத்தக்கது என்று தெரிந்தாக வேண்டும்.

உலக வழக்கில் உள்ள தாவரவியல் சொற்களில் ‘ரைசா’, ‘ராடிக்ஸ்’ என்ற இரண்டு அடிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டுக்கும் வேர் என்றே பொருள் சொல்கிறார்கள். அப்படியானால் இவற்றை அடியாகக் கொண்ட எல்லாச் சொற்களையும் தமிழில் ‘வேர்’ சேர்த்தே பெயர்க்க வேண்டுமா என்பதையும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஏட்டுச்சுவடி

வணக்கம். பிறப்பைப் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன்; அது தெளிவானால் நிகர்ச்சொற்களைப் பற்றிய கேள்வியும் பாதி தெளிந்துவிடும்.

‘வேர்’ ஐயத்துக்கு இடமில்லாத திராவிடச் சொல். மலையாளத்தில் வேரு, தெலுங்கில் வேரு, கன்னடத்திலும் துளுவிலும் பேரு (முதலெழுத்தை ஒலிப்புடைய பகரமாக ஒலிக்க வேண்டும்) என்று அது வழங்குகிறது. தமிழில் சொல்லின் முதலில் வரும் வகரம் கன்னடத்தில் பகரமாவது ஒழுங்கான மாற்றம். வில் பில்லு ஆவதும், விரல் பெரளு ஆவதும், வெள்ளி பெள்ளி ஆவதும், வேலி பேலி ஆவதும் இதே முறைப்படிதான். இத்தனை மொழிகளில் ஒரே பொருளில், ஒழுங்கான ஒலிமாற்றத்தோடு கிடைப்பதால், இம்மொழிகள் பிரிவதற்கு முன்பே இந்தச் சொல் இருந்தது என்று உறுதியாகக் கொள்ளலாம். இலக்கியத்திலும் இது மிகப் பழமையானது; குறுந்தொகையின் 18ஆம் பாட்டில் கபிலர் ‘வேரல் வேலி வேர்க்கோட் பலவின்’ என்று தொடங்குகிறார். அந்த அடியில் முதலில் வரும் ‘வேரல்’ சிறுமூங்கிலைக் குறிப்பது; அடுத்து வரும் ‘வேர்’ நம் சொல். ஓசை ஒன்றி வருவதைக் கண்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

அதே எச்சரிக்கைதான் ‘வேறு’ என்பதற்கும். வேர் என்பதில் உள்ளது இடையின ரகரம். வேறு என்பதில் உள்ளது வல்லின றகரம். இன்றைய பேச்சில் பலருக்கு இவ்விரண்டு ஒலிகளும் நெருங்கிவிட்டன என்றாலும், பழந்தமிழில் இவை பொருளை வேறுபடுத்தும் இரு தனி ஒலிகள். தெலுங்கில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டதால் மரத்தின் வேரும் ‘தனி’ என்ற பொருள் தரும் சொல்லும் இன்று ஒரே உருவில் நிற்கின்றன. பழைய தெலுங்கு எழுத்தில் அவை இருவேறு ரகரங்களால் எழுதப்பட்டவை. கன்னடத்தில் பேரு என்பது வேர், பேரே என்பது வேறு. அங்கும் பின்னதற்குப் பழைய வடிவம் வல்லின றகரத்தோடுதான் இருந்தது. எனவே பிரிந்து செல்வதால் வேர் என்ற விளக்கம் கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும், ஒலி வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

வேர்வையைப் பற்றிய கருத்து இன்னும் எளிதாகத் தீர்ந்துவிடும். வியர் என்பதே வேர் என்று சுருங்கியது. பெயர் என்பது பேர் என்று சுருங்கியதற்கு இது முற்றிலும் ஒப்பானது. மலையாளத்தில் இன்றும் வியர்ப்பு என்றே சொல்கிறார்கள். கன்னடத்தில் வியர்வைக்குப் பெவரு என்றும் வேருக்குப் பேரு என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஒரே அடியிலிருந்து பிறந்தவையாக இருந்தால் அங்கும் அவை ஒன்றாக இருந்திருக்கும். இந்த மயக்கம் திருக்குறள் படிப்பவர்களுக்கும் நேர்கிறது. 487ஆம் குறளில் ‘புறம்வேரார்’ என்றும் ‘உள்வேர்ப்பர்’ என்றும் வருவதை, வெளியே வேர்விட மாட்டார், உள்ளே வேர்விடுவார் என்று சிலர் விளக்குகிறார்கள். அங்கே வேர்த்தல் என்பது சினத்தல். வியர்த்தல் என்ற வினையின் பொருள் விரிவு அது. மரத்தோடு அதற்குத் தொடர்பு இல்லை.

உங்கள் தொகுப்பின் சொல்விளக்கப் பத்தியில், ‘வேர் என்பது திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான அடிச்சொல்; அதற்கு முந்திய வேறொரு சொல்லிலிருந்து அதைப் பிறப்பிக்கத் தேவையில்லை’ என்று எழுதினால் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காரணம் கற்பிக்க வேண்டும் என்ற ஆவலில் நாம் பல பழஞ்சொற்களுக்கு இல்லாத உறவுகளை உண்டாக்கிவிட்டோம். மாணவர் கையில் போகும் நூலிலாவது அதைத் தவிர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

‘ரைசா’, ‘ராடிக்ஸ்’ பற்றியும் ஒரு செய்தி. முன்னது கிரேக்கம், பின்னது இலத்தீன். தோற்றத்தில் வேறுபட்டாலும் இரண்டும் இந்தோ ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரே அடியிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தின் ‘ரூட்’ என்ற சொல்லும் அதே அடியைச் சேர்ந்ததுதான், அது பழைய நார்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. முள்ளங்கியைக் குறிக்கும் ‘ராடிஷ்’ ராடிக்ஸிலிருந்து வந்தது. அதிமதுரத்தின் அறிவியல் பெயரான ‘கிளிசிரைசா’ கிரேக்கத்தில் இனிப்பு வேர் என்று பொருள்படும். தமிழ் வேரும் இந்த வரிசையில் ஓர் இடம் பெற்றிருக்கிறது என்பதைப் பலர் அறியவில்லை. வெட்டிவேர் என்ற தமிழ்ச்சொல் பிரெஞ்சு வழியாக ஐரோப்பிய மொழிகளில் புகுந்து, அந்தப் புல்லின் பேரினத்துக்கே ‘வெட்டிவேரியா’ என்ற இலத்தீன் வடிவப் பெயராக அமைந்தது. பின்னர் அந்த இனத்தைக் கிரைசோபோகன் என்ற பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள் என்றாலும், பழைய பெயர் நூல்களில் இன்னும் வழங்குகிறது. உங்கள் தொகுப்பில் இதற்கு ஓர் அடிக்குறிப்பாவது கொடுங்கள்.

மறுமொழி 2: பச்சையம்

ஏட்டுச்சுவடி அவர்கள் ஒலிவரலாற்றை விளக்கிவிட்டதால், நான் தாவரவியல் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் குழுவின் இரு சாரார் சொல்வதிலும் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சொற்களை நிகர்ச்சொற்கள் என்று வைத்துக்கொண்டே இருவரும் வாதிடுகிறார்கள். தாவரவியல் நோக்கில் அவை நிகர்ச்சொற்களே அல்ல. ஒவ்வொன்றும் செடியின் வெவ்வேறு பகுதியையோ நிலையையோ குறிக்கிறது. ஆகவே எதையும் விலக்க வேண்டியதில்லை, எதையும் ஒன்றுக்கு மாற்றாக எழுதவும் கூடாது.

வேர் என்று எதைச் சொல்லலாம் என்பதற்குத் தெளிவான அடையாளங்கள் உள்ளன. மண்ணுக்குள் இருப்பது அவற்றுள் ஒன்று அன்று. கணுவும் கணுவிடையும் இல்லாமை, இலையோ செதில் இலையோ இல்லாமை, வளரும் நுனியை மூடிக் காக்கும் வேர்மூடி இருத்தல், கிளைகள் உள்ளடுக்கிலிருந்து தோன்றுதல் ஆகியவையே அடையாளங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியமானது. தண்டின் கிளை மேற்புறத்து மொட்டிலிருந்து வெளிப்படுகிறது. பக்கவேரோ பெரிசைக்கிள் என்ற உள்ளடுக்கில் தோன்றிப் புறணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. உள்ளமைப்பிலும் நீரைக் கடத்தும் சைலமும் உணவைக் கடத்தும் ஃபுளோயமும் வேரில் வெவ்வேறு ஆரங்களில் மாறி மாறி அமைகின்றன. தண்டில் அவை ஒரே கற்றையில் சேர்ந்திருக்கின்றன. இந்த அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உருளைக்கிழங்கு தண்டு, அதன் கண்கள் எனப்படுபவை கணுவில் உள்ள மொட்டுகள்; சர்க்கரைவள்ளி வேர். இஞ்சியும் மஞ்சளும் தண்டு, மரவள்ளி வேர். எல்லாவற்றையும் மக்கள் வழக்கு கிழங்கு என்ற ஒரே சொல்லால் அழைக்கிறது; அதில் பிழை ஒன்றும் இல்லை. கிழங்கு என்பது உணவைச் சேமித்துப் பருத்த நிலத்தடி உறுப்பைக் குறிக்கும் சொல், அந்த உறுப்பு எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும் சொல் அன்று. எனவே தொகுப்பில் கிழங்கைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, வேர்க்கிழங்கு, தண்டுக்கிழங்கு என்று அடை சேர்த்துப் பிரித்துவிடலாம். வேருக்கு நிகராகக் கிழங்கைத் தரும் பதிவை மட்டும் நீக்கிவிடுங்கள்.

தூர் என்ற சொல்லைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அதை நாம் வீணாக்கிக்கொண்டிருக்கிறோம். அகராதிகள் அதற்கு வேர் என்றும் அடிமரம் என்றும் இரு பொருள்களையும் தருகின்றன. ஆனால் உழவர் வழக்கில் அது மிகத் திட்டமான சொல். தண்டின் அடிப்பகுதியும் அதைச் சுற்றிக் கிளம்பும் வேர்களும் சேர்ந்த, மண்மட்டத்தை ஒட்டிய பகுதியே தூர். நெல்லில் அடிக்கணுக்களிலிருந்து பக்கத்தண்டுகள் கிளைத்துப் பெருகுவதைத் தூர் கட்டுதல் என்கிறார்கள். நெல் போன்ற ஒருவித்திலைத் தாவரங்களில் விதையிலிருந்து வந்த முதல் வேர் நெடுநாள் நிலைப்பதில்லை. தண்டின் அடிக்கணுக்களிலிருந்து புதிய வேர்கள் கூட்டமாகக் கிளம்பி அதன் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அந்த வேர்களுக்குத் ‘தூர்வேர்’ என்று பெயர் வைத்தால், அவை எங்கிருந்து புறப்படுகின்றன என்பதைப் பெயரே சொல்லிவிடும். பாடநூல்களில் உள்ள ‘வேற்றிட வேர்’ என்ற பொதுச்சொல், முளைவேர் அல்லாத இடத்திலிருந்து தோன்றும் எல்லா வேர்களையும் தழுவுவது. அது இருக்கட்டும், அதன் உட்பிரிவாகத் தூர்வேர் அமையட்டும். குளத்தைத் தூர் வாருவது என்பதில் வரும் தூர் வண்டலைக் குறிப்பது. அதை இதனோடு கலந்துவிட வேண்டாம்.

அடி, முதல் ஆகிய இரண்டும் இடத்தைக் குறிக்கும் பொதுச்சொற்கள். அவற்றைத் தொகுப்பில் சேர்க்கத் தேவையே இல்லை.

சிறுவேர், வேர்த்தூவி என்பவற்றையும் ஒன்றாக எழுதும் பழக்கம் சில நூல்களில் காணப்படுகிறது. வேர்த்தூவி என்பது வேரின் புறத்தோலில் உள்ள ஒற்றைச் செல்லின் நீட்சி. அது வேர் அன்று. 1937இல் டிட்மர் என்ற ஆய்வாளர் நான்கு மாத வயதுடைய ரை என்ற தானியப் புல்லின் ஒரே ஒரு செடியின் வேர்த்தொகுப்பை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 1.4 கோடி வேர்களும் 1400 கோடி வேர்த்தூவிகளும் இருப்பதாகக் கணக்கிட்டார். வேர்களின் மொத்த நீளம் 600 கிலோமீட்டரைத் தாண்டியது. இந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று ஆயிரம் மடங்கு விலகி நிற்பதைக் கண்டால், இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது எவ்வளவு பெரிய குழப்பம் என்பது விளங்கும்.

ஆணிவேரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. மலையாளத்தில் தாய்வேரு, கன்னடத்தில் தாயிபேரு, தெலுங்கில் தல்லிவேரு என்று மூன்று மொழிகளும் அதைத் தாயாகவே கண்டிருக்கின்றன. தமிழிலும் தாய்வேர் என்ற வழக்கு உண்டு. ஆணிவேர் அதன் வடிவத்தையும், தாய்வேர் மற்ற வேர்கள் அதிலிருந்து கிளைப்பதையும் சொல்கின்றன. மெய்யான நிகர்ச்சொற்கள் என்று நான் ஏற்பது இந்த இரண்டைத்தான். ஆணிவேரைத் தலைச்சொல்லாகவும் தாய்வேரை அடைப்பிலும் கொடுக்கலாம்.

மறுமொழி 3: மருந்துரல்

மேலே இருவரும் மூலம் என்ற சொல்லைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். மருந்து நூல்களைப் பதிப்பிக்கும் பணியில் இருப்பதால் அதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

மூலம் வடமொழிச் சொல். அதன் முதற்பொருள் வேர்தான். தமிழ் மருத்துவ வழக்கில் அது வேரையும், குறிப்பாக மருந்தாகப் பயன்படும் வேரையும் குறித்து நெடுங்காலமாக வழங்கிவருகிறது. கொடிவேலிக்குச் சித்திரமூலம் என்று பெயர் வந்தது அதன் வேர் மருந்துச்சரக்கு என்பதால். தசமூலம் என்பது பத்துத் தாவரங்களின் வேர்த்தொகுதி. வில்வம், குமிழ், பாதிரி, முன்னை, பெருவாகை ஆகிய ஐந்து மரங்களின் வேர்கள் பெரும்பஞ்சமூலம், கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, நெருஞ்சில், ஓரிலை, மூவிலை ஆகிய ஐந்து சிறு செடிகளின் வேர்கள் சிறுபஞ்சமூலம். மூலிகை என்ற சொல்லும் இந்த மூலத்திலிருந்து பிறந்ததே. வேர்மருந்தைக் குறித்த அந்தச் சொல் இன்று இலை, பூ, பட்டை எதுவாக இருந்தாலும் மருந்துக்கு உதவும் தாவரம் முழுவதற்கும் பெயராகிவிட்டது. வடமொழியிலும் கந்தம் என்ற கிழங்கும் மூலம் என்ற வேரும் வேறுபடுத்தப்பட்டே வழங்கின. கந்தமூலம் என்ற தொடர் இரண்டையும் சேர்த்துச் சொல்வது. பச்சையம் அவர்கள் கிழங்கையும் வேரையும் பிரிக்கச் சொல்வதற்கு இதுவும் துணைநிற்கிறது.

ஆயினும், தாவரவியல் தொகுப்பில் வேருக்கு மாற்றாக மூலத்தை ஆள்வதை நான் ஏற்கமாட்டேன். மூலம் என்ற சொல் தமிழில் வேர் என்ற பருப்பொருளை விட்டு வெகுதூரம் நகர்ந்துவிட்டது. மூலநூல், மூலப்பொருள், மூலகாரணம், மூலக்கூறு என்று எங்கு பார்த்தாலும் அது தோற்றுவாய் என்ற பொருளையே தருகிறது. கணக்கில் வர்க்கமூலம் என்கிறோம். 499இல் ஆரியபட்டர் வர்க்கமூலம் என்று எழுதினார். அரபியில் அதற்கு வேர் என்று பொருள்படும் ‘ஜத்ர்’ என்ற சொல்லையும் இலத்தீனில் ராடிக்ஸையும் ஆண்டார்கள். ஆக, வேரைக் குறித்த சொல்லைத் தோற்றுவாய்க்கு ஆள்வது பல மொழிகளுக்கும் பொதுவான போக்கு. அந்தப் போக்கில் தமிழ் செய்த நன்மை என்னவென்றால், கருத்துப்பொருளுக்கு மூலத்தையும் செடியின் உறுப்புக்கு வேரையும் வைத்துப் பெரும்பாலும் பிரித்துவிட்டது. இன்று ‘மூலச்செல்’ என்று எழுதினால் மாணவர் பிற செல்களைத் தோற்றுவிக்கும் செல் என்றே புரிந்துகொள்வார். வேரில் உள்ள செல் என்று யாரும் கொள்ளமாட்டார்கள். இந்தப் பிரிவை நாமே கலைத்துவிட்டால் மொழிக்கு இழப்புதான்.

எனவே மூலத்தை மருந்துச்சரக்கின் பெயர்களில் மட்டும் வைத்துக்கொண்டு, அங்கே அதற்கு ‘வேர்’ என்று பொருள் எழுதுங்கள். உறுப்பின் பெயராக அதை ஆள வேண்டாம்.

பழந்தமிழ் நூல்களைப் படிப்பவர்களுக்கு உதவக்கூடிய இன்னொரு செய்தியையும் இங்கே சேர்க்கிறேன். மரத்துக்குப் பாதவம் என்று ஒரு பெயர் உண்டு. பாதத்தால் பருகுவது என்பது அதன் பொருள். வேரைப் பாதமாகக் கொண்டு அமைந்த வடமொழிப் பெயர் அது. வேரின் வேலையை ஒரே சொல்லில் அடக்கிய பெயர் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு.

நாற்றங்கால்

மூவருக்கும் என் நன்றி. தூர்வேர் என்ற சொல்லைக் குழுவின் முன் வைக்கப் போகிறேன். இரண்டு இடங்களில் மட்டும் இன்னும் தெளிவு வேண்டும். ஒன்று, விழுது. ஆலின் விழுதைப் பாடநூல் ‘தூண்வேர்’ என்கிறது. அப்படியானால் விழுதை எந்த இடத்தில் வைப்பது? இரண்டாவது, இஞ்சி, மஞ்சள் போன்றவற்றின் நிலத்தடி உறுப்பாகிய ‘ரைசோம்’. அது தண்டு என்பதை இப்போது புரிந்துகொண்டேன். ஆனால் அதன் பெயரிலேயே ரைசா இருப்பதால் ‘வேர்த்தண்டு’ என்று பெயர்த்திருந்தோம். அதை மாற்ற வேண்டுமா? வேர்க்கடலை போன்ற பெயர்களையும் மாற்றிவிட வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்துகிறார்.

மறுமொழி 4: ஏட்டுச்சுவடி

விழுதுக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். இந்தப் பொருளில் தமிழின் பழைய சொல் வீழ். தொல்காப்பியத்தின் மரபியலில் தாவர உறுப்புகளை வரிசைப்படுத்தும் இடத்தில் ‘காயே பழமே தோலே செதிளே வீழொடு என்றாங்கு’ என்று காய், பழம் ஆகியவற்றோடு வீழும் தனி உறுப்பாக எண்ணப்படுகிறது. நாலடியாரில் ‘சிதலை தினப்பட்ட ஆல மரத்தை மதலையாய் மற்றதன் வீழூன்றி யாங்கு’ என்று வருகிறது. கறையான் தின்ற ஆலமரத்தை அதன் வீழ் ஊன்றித் தாங்குவது போல, தந்தை தளரும்போது மகன் தாங்குவான் என்பது அந்தப் பாட்டின் கருத்து. மேலிருந்து வீழ்வதால் வீழ், விழுவதால் விழுது. பெயர், உறுப்பு இறங்கும் முறையைச் சொல்கிறது.

தூண்வேர் என்பதோ அது செய்யும் பணியைச் சொல்கிறது. கிளையிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும் இளம் விழுது இன்னும் மண்ணைத் தொடவில்லை. அதை எப்படித் தூண் என்பது? மண்ணில் ஊன்றிப் பருத்துக் கிளையைத் தாங்கத் தொடங்கிய பிறகே தூண்வேர் என்ற பெயர் அதற்குப் பொருந்தும். ஹவுராவில் உள்ள தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில், நோயுற்ற அடிமரத்தை 1925இல் அகற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த மரம் தன் விழுதுகளாலேயே நிற்கிறது. நாலடியார் உவமை உயிரியல் உண்மை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. எனவே விழுது என்பதை உறுப்பின் பெயராகவும், தூண்வேர் என்பதை அது மண்ணில் ஊன்றி அடைந்த நிலையின் பெயராகவும் இரண்டையும் தொகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 5: பச்சையம்

ரைசோமைப் பொறுத்தவரை, குழப்பம் தமிழில் தோன்றியது அன்று. கிரேக்கப் பெயரிலேயே அது இருக்கிறது. ‘ரைசோமா’ என்றால் வேர்த்திரள் என்றுதான் பொருள். நிலத்துக்கு அடியில் கிடைமட்டமாகப் பரவி, வேர்களைத் தாங்கியிருந்ததால் அதை வேரின் ஒரு வகையாகக் கருதிப் பெயரிட்டார்கள். நிலத்துக்குக் கீழே இருப்பவை எல்லாமே வேர் ஆகிவிடாது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் வெங்காயம் போன்றவற்றை முன்னிட்டு எச்சரித்திருக்கிறார். அவர் எச்சரித்த மொழியிலேயே இந்தப் பெயர் பின்னர் நிலைத்துவிட்டது. பிறமொழிப் பெயரில் உள்ள பிழையையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டிய கடமை நமக்கு இல்லை. ‘மட்டநிலத் தண்டு’ என்று ஏற்கெனவே பாடநூல் வழக்கில் உள்ள சொல் அதன் வடிவையும் இனத்தையும் சரியாகச் சொல்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்காக ரைசா வரும் எல்லா இடங்களிலும் வேரைத் தவிர்க்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு சொல்லிலும் அது எதைக் குறிக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 1885இல் ஃபிராங்க் உருவாக்கிய ‘மைக்கோரைசா’ பூஞ்சையும் வேரும் இணைந்து வாழும் அமைப்பைக் குறிப்பதால், அங்கே வேர் கட்டாயம் வர வேண்டும். 1904இல் ஹில்ட்னர் ஆண்ட ‘ரைசோஸ்பியர்’ வேரைச் சூழ்ந்து அதன் செயலால் மாற்றம் பெறும் மண்பகுதி. வேர்மண்டலம் என்பது அதற்கு மிகப் பொருத்தம். கண்டல் மரமாகிய ‘ரைசோபோரா’வின் பெயருக்கு வேர்தாங்கி என்று பொருள், சேற்றில் ஊன்றி நிற்கும் அதன் முட்டுவேர்களைப் பார்த்தவர் யாரும் அந்தப் பெயரை மறுக்கமாட்டார். அதன் அருகிலேயே வளரும் வெண்கண்டலில் வேர்க்கிளைகள் சேற்றிலிருந்து மேல்நோக்கிக் குத்திட்டு எழுந்து காற்றைப் பெறுகின்றன; அவற்றை மூச்சுவேர் என்கிறோம். இவை இரண்டும் உண்மையான வேர்கள். மாஸ் முதலிய பாசி வகைச் செடிகளில் காணப்படும் ‘ரைசாய்டு’ அப்படியன்று; அது இழை போன்ற எளிய அமைப்பு, வேருக்கு உரிய கடத்துதிசு அதில் இல்லை. அதனால் போலிவேர் என்று அடைகொடுத்துச் சொல்வதே முறை.

ராடிக்ஸிலிருந்து பிறந்த ‘ராடிக்கிள்’ இலத்தீனில் சிறுவேர் என்று பொருள்படும். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் பக்கவேர்களோடு கலந்து குழம்பியிருப்போம். முளைவேர் என்று தமிழில் வைத்தவர், அது கருவிலேயே இருப்பதையும் விதை முளைக்கும்போது முதலில் வெளிப்படுவதையும் பெயரில் காட்டிவிட்டார். இலத்தீன் பெயர் அளவை மட்டும் சொல்கிறது. தமிழ்ப் பெயர் உறுப்பின் வாழ்க்கையைச் சொல்கிறது. இருவித்திலைத் தாவரத்தில் இந்த முளைவேரே தொடர்ந்து வளர்ந்து ஆணிவேர் ஆகிறது. புல் இனத்தின் விதையில் அதை ஓர் உறை மூடியிருக்கும். ‘கோலியோரைசா’ எனப்படும் அதற்கு முளைவேர் உறை என்ற வழக்கு உள்ளது. உங்கள் பட்டியலில் அது விடுபட்டிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேர்க்கடலையை மாற்ற வேண்டாம். அதன் காய் வேரில் காய்ப்பதில்லை என்பது உண்மைதான். மண்ணுக்கு மேலே மலர்ந்த பூ கருவுற்ற பின், சூலகத்தைத் தாங்கிய காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கி அங்கே காயாகிறது. கபிலர் பாடிய வேர்ப்பலாவும் அப்படித்தான். பலா பெரும்பாலும் அடிமரத்திலும் முதிர்ந்த கிளைகளிலும் காய்க்கிறது. மரத்தின் அடியையும் சேர்த்து வேர் என்று பேசிய பழைய பேச்சு வழக்கின் எச்சங்கள் இவை. கலைச்சொல்லுக்கு வரையறை வேண்டும். செடியின் ஊர்ப்பெயருக்கு வழக்கே ஆதாரம். வேர்க்கடலை என்ற பதிவின் கீழ், காய் உருவாகும் விதத்தை இரண்டு வரியில் விளக்கிவிட்டு, பெயரை அப்படியே விட்டுவிடுங்கள். நிலக்கடலை என்ற பெயரையும் பக்கத்தில் கொடுத்தால், காய் இருக்கும் இடத்தைப் பிழையின்றிச் சொல்லும் சொல்லும் மாணவருக்குக் கிடைத்துவிடும்.